அப்பாவின் நாற்பது விநாடி

நான் கால்புண்ணின் கட்டைப் பிரிக்கக் குனிந்ததும் அப்பா மூச்சைப் பிடித்துக்கொள்வார். சிகரெட் வாசனை என் மூக்குக்கு எட்டக் கூடாதாம். நாற்பது விநாடி தாங்குவார். கட்டு மாற்ற எனக்குப் பதினொரு நிமிடம் ஆகும். மிச்ச நேரமெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பி, திருட்டுத்தனமாக மூச்சு விடுவார்.

அப்பா தையல்காரர். அம்மா இறந்த மூன்றாம் வாரம், இஸ்திரிப் பெட்டி நழுவி இடது காலைச் சுட்டது. நான்கு மாதமாகியும் புண் ஆறவில்லை. தினமும் தன் அளவு நாடாவை வைத்துப் பார்த்து, "ரெண்டே இன்ச்சுதாம்மா, சுருங்கிடுச்சு" என்பார்.

அளவுக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிப்பது என் வேலை. அது நாற்பது வருடம் இழுபட்டு நீண்டுபோன நாடா. எதையும் குறைத்தே சொல்லும். என் அளவுகோலில் ஐம்பத்து நான்கு மில்லிமீட்டர். போன மாதமும் அதேதான்.

தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டலாம் என்றார் மருத்துவர். "ஆனா புகை ரத்தக் குழாயைச் சுருக்கிடும். ஒட்டின தோலுக்கு ரத்தம் போகாம கருகிடும். நாலு வாரம் தொடாம வாங்க, செய்யறேன். இப்படியே விட்டா காலுக்கே ஆபத்து."

"ஒட்டுப் போடறது என் தொழில் சார். நூலோட்டம் பாத்துப் போடுங்க, வெளிய தெரியக் கூடாது" என்றார் அப்பா. நர்ஸ் சிரித்துவிட்டார். அப்பாவுக்கு அதுவே போதும். ஜெயித்த மாதிரி நொண்டிக்கொண்டே வந்தார். அன்றே சிகரெட் பெட்டி, பொத்தான் டப்பாவுக்குள் குடிபோனது.

"விட்டாச்சாப்பா?"

"அட, இதோட விட்டாச்சும்மா."

இதுவரை ஒன்பது முறை விட்டிருக்கிறார்.

அம்மாவிடம் இந்தப் பேச்செல்லாம் செல்லாது. கடையிலிருந்து வருபவரை வாசலிலேயே மறித்து, "ஊதுங்க" என்பாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு ஊதுவார். "இன்னைக்கு மூணு சிகரெட்" என்பாள் அம்மா. ஒருநாளும் பிசகியதில்லை. அப்படியொரு கருவி என்னிடம் இல்லை.

நேற்று அளவுகோலை வைத்தேன். ஐம்பத்தெட்டு. மருந்துத் துணியை எடுத்தேன்.

"எவ்வளவும்மா?"

சொன்னேன்.

அப்பா நாடாவைத் தேடவில்லை. சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார். மெல்லக் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, என் முகத்துக்கு நேரே ஊதினார்.