முனிரத்தினம் வாய் மூடப் போனது

"அலோ! அலோ! மானாம்பதி ஏரிக்கரையில வண்டி எறங்கிச்சா இல்லியா?" என்று முனிரத்தினம் கத்தும்போது கையில் போன் எதற்கு என்றிருக்கும். மானாம்பதிக்கு நேராகவே கேட்டிருக்கும். நெல் அறுக்கும் மெஷின்களுக்குக் காவாந்தண்டலத்தில் அவன்தான் புரோக்கர். ஒரு காதில் டிரைவர், மறு காதில் நிலத்துக்காரர். டீ குடிக்கும்போதும் வாய் ஓயாததால் பாதி டீ சட்டைக்குத்தான் போகும்.

என் ஓரகத்தி ஆண்டாளம்மாளின் தம்பி மகன் அவன். அவன் அப்பனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், தாத்தா போட்ட சத்தத்தில் பெண் பின்வாசல் வழியாக ஓடிப்போனதை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மூன்று தலைமுறைத் தொண்டை.

கார்த்திகையில் சம்பந்தி வீட்டுக்குப் போனவன், இலையில் உட்கார்ந்துகொண்டே போனில் ஒரு டிரைவரை, "வண்டிய எட்றா பேமானி!" என்று ஏசினான். "கொஞ்சம் மெதுவா" என்ற சம்பந்திக்கும் அதே சத்தத்தில் பதில். ஐந்து மாதக் கர்ப்பிணியான மகள் இளமதி அன்றே சொல்லிவிட்டாள்:

"எம் புள்ள பொறந்ததும் உன் சத்தத்தத்தான் கேக்கணுமா நைனா? எங்கனா போயி பத்து நாள் வாய மூடிக்கினு இருந்துட்டு வா. அப்பால பிரசவத்துக்கு வரேன். இல்லாங்காட்டி இங்கியே பெத்துக்கிறேன்."

தலைச்சன் பிரசவத்துக்குப் பெண் தாய் வீடு வராவிட்டால் ஊர் சும்மா இருக்குமா? அவன் மனைவி கல்பனா சோறு இறங்காமல் கிடந்தாள். இவன் இடம் தேடிக் கிளம்பினான். முதலில் போன இடத்தில் தலைகீழாக நிற்கச் சொன்னார்களாம். அடுத்த இடத்தில் விடிய விடியப் பாட்டு. "அங்கியும் கத்தறானுங்க அத்தே, நம்மளவிட மோசம்" என்று என்னிடமே வந்து குறைப்பட்டான்.

கடைசியில் உத்திரமேரூர் இ-சேவை மையத்தில் ஜெனிஃபர் என்கிற பெண்தான் கம்ப்யூட்டரில் கண்டுபிடித்தாள். செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம், புத்தர் வழியில் தியானம் சொல்லித்தரும் முகாம். பத்து நாள் பேச்சே கிடையாது. போனை வாசலிலேயே வாங்கிவைத்துவிடுவார்கள். முதியோர் பணத்துக்காக நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

"புதியவரா, ஏற்கெனவே பயின்றவரான்னு கேக்குதுண்ணே."

"பயின்றவருன்னு போடும்மா. பதினஞ்சு வருசம்."

"பொய்யாச்சேண்ணே?"

"புது டிரைவர நான் எந்தக் கயனியிலனா எறக்கிக்கீறனா? வரப்ப ஒடச்சிட்டு வருவான். அவனுங்க மட்டும் புது ஆள எடுப்பானுங்களா?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவள் அவன் சொன்னபடியே கம்ப்யூட்டரில் தட்டிவிட்டாள். நான்காம் நாள் முகாமிலிருந்து போன். பதினைந்து வருடம் யாரிடம் பயின்றீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். "சொந்தமாவே கத்துக்கினேன் சார்!" என்று இவன் போட்ட சத்தத்தில் அவர்களுக்கு எல்லாம் புரிந்திருக்க வேண்டும். விண்ணப்பம் தள்ளுபடி. புதிதாக எழுதிப் போடுவதற்குள் தை மாத இடமெல்லாம் நிரம்பிவிட்டது.

"சும்மா ஒக்கார்றதுக்கு இன்னாய்யா எக்ஸ்பீரியன்சு?" என்று கல்பனா கரண்டியை வீசினாள். "எம் பொண்ணு வர்ற வழிய அடச்சிட்டியே!"

மாசி பிறந்ததும் யாரோ ஒருவர் வரவில்லையென்று ஓர் இடம் காலியானது. மறுபடி போன். டீக்கடையில் டிரைவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். இவன் எழுந்து புளியமரத்துக்கு அந்தப் பக்கம் போனான். நான் பால் வாங்க வந்தவள், பின்னாலேயே நின்றிருந்தேன். வாயைக் கையால் பொத்திக்கொண்டு, "ஒண்ணுந் தெரியாதுங்க. புதுசுதான்" என்றான். அந்தத் தொண்டையிலிருந்து அத்தனை சின்னச் சத்தம் வந்து நான் கேட்டதில்லை.

புள்ளலூரில் இன்னும் மூன்று மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் வினோத்குமாரிடம் பொறுப்பை விட்டுவிட்டு, ஒரு பையோடு பஸ் ஏற வந்துவிட்டான். வழியனுப்ப நானும் கல்பனாவும் போயிருந்தோம். வண்டி புறப்பட இருந்த நேரம் போன் அடித்தது. மகள். மூன்று மாதத்துக்குப் பிறகு அவளாகவே பேசுகிறாள்.

"நைனா? மெய்யாலுமே கெளம்பிட்டியா?"

அலோ என்று கத்தத் திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டான்.

"நைனா, லைன்ல கீறியா? பேசேன்..."

அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அவள் எதிரிலேயே நிற்கிற மாதிரி, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டே இருந்தான்.