காஸ்பரே வைத்த சிவப்புக் கோடுகள்

மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பது எங்கள் சிசிலியில் எல்லோருக்கும் வழக்கம். ரொட்டிக்கடை காஸ்பரே மீன்காரனின் முகத்தையும் உற்றுப் பார்ப்பான். எதிரே இருக்கும் என் கடையில் காப்பி கொடுத்தால், ஒரு வாய் குடித்துவிட்டு, இது நேற்றைய தூளா என்று கேட்பான். பலமுறை கோப்பையைப் பிடுங்கி வைத்துவிடலாமா என்று எனக்குத் தோன்றியிருக்கிறது. அவன் நம்பும் ஒரே ஆள் மைத்துனன் லிபோரியோதான் என்று ஊரே நினைத்திருந்தது.

லிபோரியோ மெக்கானிக். காஸ்பரேயின் சிவப்பு இரட்டை இருக்கைப் பந்தயக் காரைப் பார்த்துக்கொள்வது அவன்தான். ஒவ்வொரு செப்டம்பரிலும் சதுக்கத்திலிருந்து மாதாகோவில் வரை மலையேற்றப் பந்தயம் நடக்கும். கார்கள் ஒவ்வொன்றாக ஏறும், கடிகாரம் தீர்ப்புச் சொல்லும். பக்கத்து ஊர் நோட்டரி அத்தீலியோ முதலாவதாக வருவார், காஸ்பரே இரண்டாவதாக வருவான். இந்த வருடம் அந்த நோட்டரியின் மகனுக்கே லிபோரியோ தன் மகள் ரொசால்பாவை நிச்சயம் செய்துவிட்டான். பெண் தன் கல்யாணத்துக்குக் கும்பாரேயாக நிற்கும்படி காஸ்பரேயைக் கேட்டிருந்தாள். மோதிரம் எடுத்துக் கொடுக்கும் கும்பாரே சாகும்வரை அந்தக் குடும்பத்தின் ஆள். பிள்ளையில்லாத காஸ்பரே அன்றைக்கே போய்ப் புதுக் கோட்டுக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தான்.

இருந்தாலும் அவன் மண்டைக்குள் ஒரு வண்டு குடைந்தது. சம்பந்தி ஜெயிக்கவேண்டும் என்று லிபோரியோவுக்கு ஆசை இருக்காதா? அதனால் அவனிடம் சொல்லாமலே கத்தானியா நகரத்துக்குப் போய் அகல டயர் வாங்கி மாட்டிக்கொண்டு வந்தான். வளைவில் வண்டி தரையைக் கவ்வும், இந்தமுறை நோட்டரி பின்னால்தான் என்று என்னிடம் பீற்றிக்கொண்டான்.

ஒத்திகையில் வண்டி கவ்வியது, ஆனால் ஏறவில்லை. பாதாம் மரத்தடியில் மூன்றாம் கியர் போடுவது அவன் பழக்கம். இங்கே எல்லோரும் அப்படித்தான், எஞ்சின் சுற்றைக் காட்டும் முள்ளைப் பார்ப்பதில்லை, மரத்தையோ மதிலையோ பார்த்துக் கியர் மாற்றுவார்கள். அந்த இடத்தில் எஞ்சின் சுற்று வழக்கத்தைவிடக் குறைவாக இருந்தது. மூன்றாம் கியர் விழுந்ததும் வண்டி இருமிக்கொண்டு படுத்தது.

காஸ்பரே வீட்டில் நானும் உட்கார்ந்திருந்த ஞாயிறு மதியச் சாப்பாட்டில், கத்தரிக்காய் தட்டுக்கு வருமுன்பே அவன் ஆரம்பித்துவிட்டான். எஞ்சினின் கழுத்தை நெரித்தது யார், சம்பந்திக்குச் சீதனமா என்று கேட்டான். ரொசால்பா எழுந்து உள்ளே போய்விட்டாள். லிபோரியோ கத்தவில்லை. திறந்து பார்க்கலாம் என்று மட்டும் சொன்னான். ரொட்டிக்கடை முற்றத்தில் எல்லோரும் காரைச் சுற்றி நின்றோம். காஸ்பரே மூடியைத் தூக்கி விளக்கைப் பிடித்தான்.

எஞ்சினின் ஒவ்வொரு போல்ட்டிலிருந்தும் பக்கத்து இரும்புக்குச் சிவப்பாக ஒரு மெல்லிய கோடு ஓடியது. வேலை முடித்துக் கொடுத்தபிறகு யாராவது போல்ட்டைத் திருகினால் கோடு உடைந்துவிடும். எந்தக் கோடும் உடையவில்லை.

"யார் போட்டது இது?" என்று லிபோரியோ கேட்டான்.

காஸ்பரே விளக்கைச் சட்டென்று வேறு பக்கம் திருப்பினான். அவன் மனைவி நுன்சியா குனிந்து பார்த்தாள். "இது என் நெயில் பாலிஷ். வருஷாவருஷம் பாட்டில் எப்படிக் காலியாகுதுன்னு நான் மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தேன். எவளுக்கோ கொடுக்கறீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

"வருஷாவருஷமா..." என்றான் லிபோரியோ. அவன் முகத்தை நான் பார்த்திருக்கக்கூடாது.

திருடனைப் பிடிக்க வைத்த பொறி திருடனில்லை என்று காட்டிவிட்டது. ஆனால் பொறி வைத்திருந்தது வெளியே தெரிந்துவிட்டதே!

அதற்குப் பிறகும் லிபோரியோ தன் வேலையைச் செய்தான், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பழைய டயரை உருட்டிக்கொண்டு வந்து புதியதன் பக்கத்தில் நிறுத்தினான். அகலத்தோடு உயரமும் ஒரு விரற்கடை கூடியிருந்தது. பெரிய சக்கரம் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும், அதே வேகத்துக்கு எஞ்சின் குறைவாகச் சுற்றும் என்று விளக்கினான். "மரத்தை மறந்துடு மச்சான். அங்க ரெண்டாம் கியர்லயே மிதி. எஞ்சின் அலறும், அலறட்டும். முள்ளு சிவப்புக்குக் கிட்ட வந்ததும் மாத்து. அந்த இடம் மேல இருக்கற சிற்றாலயத்தைத் தாண்டித்தான் வரும்."

பந்தயத்தன்று லிபோரியோ பாதாம் மரத்தடியில் வந்து நின்றான். பக்கத்தில் நான் நின்றேன். காஸ்பரேயின் கார் கீழ் வளைவைக் கடந்து வந்தது. எஞ்சின் அலறத் தொடங்கியது, அழகான அலறல். அந்த நொடியில் தான் என்ன நினைத்தேன் என்பதைக் காஸ்பரே பிறகு என்னிடம் சொன்னான். அவமானப்பட்டவன் பழிவாங்க மாட்டானா, எஞ்சினை வெடிக்கவைக்கத்தான் இப்படிச் சொன்னானோ என்று நினைத்தானாம்.

எங்கள் முன்னால், சரியாக மரத்தடியில், மூன்றாம் கியர் விழுந்தது. வண்டி இருமியது. லிபோரியோ தொப்பியைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கிவிட்டான்.

காஸ்பரே ஆறாவதாக வந்தான். மாலையில் அவனும் நுன்சியாவும் என் கடையில் உட்கார்ந்திருந்தபோது லிபோரியோ உள்ளே வந்தான். சட்டைப்பையிலிருந்து ஒரு புது நெயில் பாலிஷ் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"நுன்சியா, இது உனக்கு. அவனுக்கு வேணும்னா அவனே வாங்கிக்கட்டும்." பிறகு காஸ்பரேயைப் பார்த்தான். "கல்யாணத்துக்கு வா மச்சான். வந்து சாப்பிட்டுப் போ. மோதிரத்துக்கு வேற ஆள் சொல்லியாச்சு."

அவன் போனபிறகு காஸ்பரேக்கு ஒரு காப்பி வைத்தேன். தூளைப் பற்றி ஒன்றும் கேட்காமல் குடித்தான். அது நேற்றைய தூள்தான்.