கனம் பார்த்து வாங்கிய சர்வோ

பிள்ளைகளே, பொருளைக் கையில் தூக்கிப் பார்த்தே தரம் சொல்லிவிடுகிற ஆட்களைக் கண்டால் எனக்கு இளக்காரம்தான். ஒரு காலத்தில் நானும் அந்த மந்தையில் ஒருவன்.

உங்கள் அக்கா அப்போது எட்டாம் வகுப்பு. மஸ்கட்டிலிருந்து மாமா கொண்டுவந்த ரிமோட் கார் அவளிடம் இருந்தது. பள்ளிக் கண்காட்சியில், இரண்டு சாக்பீஸ் கோடுகளுக்கு நடுவில் அதை வட்டமாக ஓட்டிக் காட்டுவதாக டீச்சரிடம் சொல்லியிருந்தாள். சேரன்மகாதேவி ஆற்று மணலில் ஓட்டியதில் சர்வோ போய்விட்டது. முன்சக்கரங்களை இடமும் வலமும் திருப்புகிற, தீப்பெட்டி அளவுப் பெட்டிதான் சர்வோ. அது இல்லாவிட்டால் கார் நேராக மட்டும்தான் போகும். கண்காட்சிக்கு நான்கே நாள்.

ஜங்ஷனில் ரேடியோ பழுது பார்க்கும் கடையில், மெட்ராஸிலிருந்து வந்த சர்வோ இரண்டு கிடந்தன. இரண்டும் நம் கைக்கு எட்டுகிற விலை. ஒன்று கனம், இன்னொன்று இலேசான பிளாஸ்டிக். துணைக்கு எதிர்வீட்டு ஓவர்சியரைக் கூட்டிப்போனேன். முதல் மடத்தனம் அது. அவருக்குத் தெரியாத பொருள் உலகத்திலேயே கிடையாதாம். கல்யாணச் சீருக்குப் பித்தளைக் குடம் எடுப்பதுபோல அந்தக் கனமானதை உள்ளங்கையில் ஏந்தினார், விரலால் சுண்டினார், காதருகே வைத்துக் கேட்டார். என்ன கேட்டதோ!

"இதாம்வே பொருளு. கனத்தப் பாரும்."

"அண்ணாச்சி கையி தராசுல்லா," என்று ஒத்து ஊதினார் கடைக்காரர். அவருக்கு எது விற்றாலும் சரி.

அக்கா சர்வோக்களோடு வந்த இரண்டு அட்டைகளையும் வாசித்துக்கொண்டிருந்தாள். "யப்பா, மேல பலம் எவ்வளவுன்னு போட்டிருக்கு. திரும்ப எவ்வளவு நேரமாகும்னு கீழ இருக்கு. கனமானது ரொம்பப் பையத்தான் திரும்பும். பொம்மைப் படகுல பாய் இழுக்கதுக்குன்னு எழுதியிருக்குப்பா."

"ஏட்டி, சும்மா இரி. பெரியவுக பேசுதாகல்லா," என்றேன். என் வாயில் மண்ணை அள்ளிப் போட்டிருக்க வேண்டும்.

கனமானதை வாங்கினோம். சாயங்காலம் தெருவில் ஓட்டினாள். வலப்பக்கம் திருப்பினாள். சக்கரம் தேர்போல அசைந்து அசைந்து திரும்பி முடிப்பதற்குள், கார் ஓவர்சியர் வீட்டுச் சுவரில் மோதி முன்பக்கம் உடைந்தது.

அவர் வாசலில் நின்றபடியே சொன்னார்: "காரு சரியில்லவே. சர்வோ நல்ல சர்வோ."

அக்கா உடைந்த துண்டுகளைப் பாவாடையில் பொறுக்கிப் போட்டுக்கொண்டாள். அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலை.

மறுநாள் அவளோடு கடைக்குப் போய் அந்தச் சர்வோவைத் திருப்பிக் கொடுத்தேன். "பிள்ள நேத்தே சொல்லிச்சுல்லா, நீங்கதான கேக்கல," என்று கடைக்காரர் கூசாமல் சொல்லிவிட்டு மாற்றிக் கொடுத்தார். இந்த முறை அவளை முன்னால் விட்டு, வாயை மூடிக்கொண்டு பின்னால் நின்றேன்.

கண்காட்சியில், பசை போட்டு ஒட்டிய மூஞ்சியோடு கார் கோட்டைத் தொடாமல் மூன்று சுற்று வந்தது. ஓவர்சியரும் வந்திருந்தார். கார் நின்றதும் குனிந்து எடுத்து, உள்ளங்கையில் வைத்து ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"கனமே காணலியேவே," என்றார் என்னிடம்.

அக்கா அதை அவர் கையிலிருந்து வாங்கி, மறுபடியும் கோடுகளுக்கு நடுவில் வைத்தாள்.