நோன்பு மாதத்தில் ஒரு தண்ணீர்த் தாங்கி: நிந்தவூர்ப் பயணம்

1980 ஜூலை. நிந்தவூரில் ஐம்பத்திரண்டு அடி உயரத் தண்ணீர்த் தாங்கி ஒன்றை எங்கள் கம்பனி கட்டிக்கொண்டிருந்தது. உயரத்தில் வேலை செய்கிறவர்கள் விழாமல் பார்ப்பது என் உத்தியோகம். மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்று கொழும்பிலிருந்து கிளம்பினேன். பையில் பதினொரு பக்கப் பாதுகாப்புத் திட்டம், தலையில் அதைவிடக் கனமான பெருமை.

மட்டக்களப்பு வரை ரயில். அங்கிருந்து கல்முனை இருபத்தைந்து மைல்; பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், மூன்று ரூபாய். இடது பக்க ஜன்னலைப் பிடியுங்கள், கடல் அந்தப் பக்கம்தான். கல்முனையில் இடியப்பமும் ஆணம் என்கிற மீன் குழம்பும் சாப்பிட்டேன், இன்னும் நாக்கில் நிற்கிறது. நிந்தவூர் மேலும் ஐந்து மைல். மேற்கிலிருந்து கச்சான் காற்று அனலாய் வீசியது.

அங்கே மேசனை 'பாஸ்' என்பார்கள். தலைமை மேசன் மீராசா பாஸிடம் திட்டத்தை வாசித்தேன். "மணிக்கு ஒரு தம்ளர் தண்ணீர். தலை சுற்றினால் உடனே சொல்லவேண்டும்" என்ற இடத்தில் மனிதர் சிரித்துவிட்டார்.

"சேர், நாளைக்குத் தலைநோன்பு. இவனுகள் தண்ணி குடிக்கமாட்டானுகள்."

"தலை சுற்றினால்?"

"சுத்தும். ஆனா சொல்லமாட்டானுகள். நோன்பு தாங்கல்ல எண்டு மத்தவன் பகிடி பண்ணுவானே!"

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான். இருவரும் மணலில் உட்கார்ந்து திட்டத்தை மாற்றினோம். விடியற்காலைச் சுபஹ் தொழுகை முடிந்து ஐந்தரை முதல் பத்து மணி வரைதான் மேலே வேலை. பிறகு நிழலில் கம்பி கட்டுவது. தலை சுற்றுவதை யார் சொல்வது என்பது மட்டும் பாக்கி.

"தன்னப் பத்திக் கேட்டா வாய் திறக்கமாட்டான். கூட்டாளியப் பத்திக் கேளுங்க, எல்லாத்தையும் கொட்டுவான்" என்றார் பாஸ்.

அப்படியே எழுதினேன்: இருவர் இருவராக ஏறவேண்டும். ஜோடி 'இறங்கு' என்றால் மறுபேச்சில்லை.

இரண்டாம் நோன்பு, காலை ஒன்பதரை. உச்சியில் இஸ்மாயில், வீட்டில் நான்கு மாதக் குழந்தை உள்ளவர். அவருடைய ஜோடி காரைதீவுக் கந்தசாமி. அண்ணனை அங்கே 'காக்கா' என்பார்கள்.

"காக்கா, இறங்குங்க!"

"எனக்கு ஒண்டுமில்ல. நீ வேலையப் பாரு."

"கை நடுங்குது காக்கா. இறங்குங்க!"

இஸ்மாயில் முணுமுணுத்தபடி இறங்கினார். கால் மண்ணில் பட்டதும் முழங்கால் மடிந்து மீராசா பாஸின் கையில் சாய்ந்தார். ஓடிப்போய்த் தண்ணீர் நீட்டினேன். கண் திறந்தவர் தண்ணீரைத் தள்ளிவிட்டார்.

"குடி" என்றார் பாஸ். "உட்ட நோன்பப் பொறகொரு நாள் புடிச்சி ஈடுகட்டிக் கழாச் செய்யலாம். மனிசனக் கழாச் செய்ய ஏலா."

குடித்தார்.

அன்று மாலை வேலைத்தலத்திலேயே நோன்புக் கஞ்சி. "என்னக் கோள் சொன்ன வாய்க்கு இது" என்று கந்தசாமியின் வாயில் ஒரு பேரீச்சம்பழத்தைத் திணித்தார் இஸ்மாயில். சிரிப்பு அடங்க வெகுநேரம் பிடித்தது. எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. மூன்று நாள் பயணத்தைப் பெருநாள் வரை நீட்டிக்கொண்டேன்.

நோன்பு மாதத்தில் அந்தப் பக்கம் போகிறவர்கள் பகல் சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோங்கள், கடைகள் பூட்டியிருக்கும். மாலையில் பசியோடு போங்கள், கஞ்சி குடிக்காமல் விடமாட்டார்கள். வேலையாகப் போகிறவர்கள் திட்டத்தைப் பென்சிலில் எழுதிக்கொண்டு போவது நல்லது.

தாங்கி முடிந்த அன்று நான் கொழும்புக்கு அனுப்பிய அறிக்கை ஒரே வரி: "ஏறிய பதினான்கு பேரும் இறங்கிவிட்டார்கள்." அதைவிட நல்ல அறிக்கையை நான் எழுதியதில்லை.