பதினோரு துண்டு

சங்கரநாராயணனுக்கு எந்த இங்கிலீஷ் வார்த்தையிடமும் பயம் கிடையாது. லோதி ரோடு ஆபீசில் இருபத்திரண்டு வருஷமாக ஸ்டெனோ. சுருக்கெழுத்துக்கு ஒலிதான் முக்கியம். அதனால் புது வார்த்தை வந்தால் பென்சிலால் கோடு கிழித்துத் துண்டு போடுவார். வாய்விட்டு நாலு தரம் சொல்லிப் பார்ப்பார். விஞ்ஞானிகளே தடுமாறும் பெயர்களை அவர் அநாயாசமாகச் சொல்வதைக் கேட்டு மேலதிகாரிகள் அசந்து போவார்கள். அந்தப் பெருமை மனுஷரைக் கொஞ்சம் கெடுத்தும் வைத்திருந்தது.

தொண்ணூற்றேழில் மனைவி ஹம்சாவுக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் நுரையீரல் நோய் என்று சொல்லி, அதன் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். மருந்து கிடையாது என்பதை வாயால் சொன்னார்கள். வீடு திரும்பும் பஸ்ஸிலேயே அவர் கோடு கிழித்துவிட்டார். லிம்-ஃபான்-ஜி-யோ-லை-யோ-மை-யோ-ம-டோ-சிஸ். பதினோரு துண்டு.

ஒரே மூச்சில் அதைச் சொல்லப் பழகினால் நுரையீரல் பலப்படும் என்று அவராகவே முடிவு கட்டினார். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் பாடம். ஹம்சா பாவம், சொல்லிப் பார்த்தாள். தீபாவளிக்கு ‘மை’ வரை வந்தது. ஜனவரிப் பனியில் ‘ஜி’யோடு நின்றுவிட்டது. அதற்குள் கட்டிலருகே ஆக்சிஜன் சிலிண்டரும் வந்திருந்தது.

“அச்சா, இன்னொரு தரம். நடுவிலே நிறுத்தாமச் சொல்லு,” என்றார்.

“போறும்னா.” அவள் மூச்சுப் பிடித்துப் பிடித்துப் பேசினாள். “என்னை... ஒருதரம்... பேர் சொல்லிக் கூப்பிடுங்கோ. ரெண்டே... துண்டுதானே.”

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் ‘இந்தா’, ‘கேட்டியா’ தவிர அவர் அவளை வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. அவர் வீட்டு ஆண்கள் யாருக்குமே பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் கிடையாது. பக்கத்து ஃப்ளாட் பஞ்சாபி அம்மாள் வேறு பார்க்க வந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாதுதான், ஆனால் பேர் புரியுமே! சங்கரநாராயணனுக்குக் காது சிவந்துவிட்டது.

“நாளைக்குப் பார்க்கலாம்,” என்றார்.

மறுநாள் காலை, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே ஹம்சா போய்விட்டாள்.

கவுன்ட்டர் குமாஸ்தா என்ன நோய் என்று இந்தியில் கேட்டான். சங்கரநாராயணன் பதினோரு துண்டையும் பிசகில்லாமல் ஒரே மூச்சில் சொன்னார். சொல்லி முடித்ததும் தன் வாயின் மேலேயே அவருக்கு வெறுப்பு வந்தது. அடுத்து குமாஸ்தா அவளுடைய பெயரைக் கேட்டான்.

“ஹம்சா.”

குமாஸ்தா எழுதிக்கொண்டான். அவர் ஸ்ட்ரெச்சர் இருந்த பக்கம் திரும்பி, “ஹம்சா,” என்றார். பிறகு இன்னும் கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டார்.

“லிக் லியா, பாபுஜி,” என்றான் குமாஸ்தா. எழுதியாகிவிட்டதாம்.