மே மாதத்துக் கடல்

டில்லி கரோல் பாகில் வாடகைக்கு இருந்த நாளில், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அரசாங்கச் செலவில் ஊருக்குப் போவோம். பள்ளிக்கூட லீவு அப்போதுதான் என்பதால் எப்போதும் மே மாதம். நான் பிறந்தது நாகப்பட்டினம் பக்கம் கடலோரம். என் வீட்டுக்காரர் பிறந்தது உள்ளே, வயல்காட்டு ஊர். அவருக்குக் கடல் என்றால் அவ்வளவு ஆசை. ஒரு மே மாதம், ரிட்டயரானதும் வீடு கட்ட எங்கள் ஊர்க் கடற்கரையில் மனை பேசிவிட்டு வந்தார். என் பேரில் எழுதுவதாக ஏற்பாடு. அலைக்கும் மனைக்கும் நடுவே எத்தனை மணல் என்று ஆபீஸ் நண்பரிடம் சொல்லிச் சொல்லி, அந்த நண்பரும் பக்கத்து மனையை வாங்கக் கிளம்பிவிட்டார்.

எனக்கு வெளியாள் முன்னால் பேச வராது. காபியை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். அந்த நண்பர் வீட்டுக்கு வந்த அன்றைக்கு என்னவோ சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"கார்த்திகையில அந்த மணல் இருக்காதுங்க."

"மணல் எங்க அண்ணி போகும், டில்லிக்கா?" நண்பர் சிரித்தார்.

"கடல் எடுத்துக்கும். கோடையில திருப்பிப் போடும்."

"அச்சா! வட்டியும் சேத்தா?"

அவர் போனதும் என் வீட்டுக்காரர், "நல்ல காரியம் பேசறப்ப இப்படியா?" என்றார்.

"கார்த்திகையில ஒருதரம் பாத்துட்டு வருவோம். பாக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றேன்.

மூன்றாம் நாள் அவரே டிக்கெட் எடுத்து வந்தார்.

நாங்கள் போவதற்குச் சற்று முன்னால்தான் புயல் அடித்து ஓய்ந்திருந்தது. மே மாதம் பாய் விரித்துச் சாப்பிட்ட இடத்தில் அலை புரண்டது. மணல்மேடு வெட்டி எடுத்ததுபோல் செங்குத்தாக நின்றது. தென்னை வேர்கள் அந்தரத்தில் தொங்கின. நாங்கள் பேசிவைத்த மனையின் எல்லைக்கல் ஒன்று தண்ணீரில் சாய்ந்து கிடந்தது.

"மணல் திரும்ப வந்துடுமில்ல மச்சான்?" என்று என் வீட்டுக்காரர், கூட வந்த என் அண்ணனிடம் கேட்டார்.

"வரும் மாப்ள. ஆனா போனது அவ்வளவும் வராது. வருஷா வருஷம் கொஞ்சம் கொறச்சுத்தான் போடுது."

அவர் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கடலோர ரோட்டுக்கு மேற்கால, உள்ள தள்ளி எதுனா இருந்தா சொல்லுங்க" என்றார்.

மேற்கேதான் வாங்கினோம், கட்டினோம். நண்பர் டில்லியிலேயே அடுக்குமாடி வீடு வாங்கிக்கொண்டார். மாடி ஏறினாலும் கடல் தெரியவில்லை என்று இவருக்குக் குறை. இப்போது அலையிடமிருந்து அந்த ரோட்டைக் காப்பாற்ற லாரி லாரியாகக் கருங்கல் கொட்டுகிறார்கள்.