சாவி திருப்பினால் காற்று

“புடுங்கிடவா, வேணாமா?”

உச்சி வெயிலில், நடுவழியில் நின்றுபோன புது லாரியின் ஸ்டீயரிங்குக்குக் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு என் சித்தப்பா கேட்டார். அவர் விரல்களுக்கு நடுவே ஒரு சிவப்பு வயர் இருந்தது. அதைப் பிடுங்கினால் பின்னால் தொட்டியில் இருக்கும் மீன்குஞ்சுகளுக்குக் காற்று நின்றுபோகும். பிடுங்காமல் விட்டால், வந்துகொண்டிருக்கும் கம்பெனி ஆள் அதைப் பார்த்துவிடுவார், வண்டியின் வாரண்டி போய்விடும். நான் அப்போதுதான் பள்ளி முடித்திருந்தேன். பரீட்சைத் தாளில் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் எழுதிவிட்டு வந்திருந்தேன். இதற்கு வாய் திறக்க முடியவில்லை.

சித்தப்பாவின் தொழில் மீன்குஞ்சு ஏற்றிச் செல்வது. குஞ்சு பொரிக்கும் பண்ணையில் ஏற்றி, மீன் வளர்ப்பவர்களின் குளங்களில் இறக்குவார். லாரியின் முதுகில் பெரிய பிளாஸ்டிக் தொட்டி. அதன் அடியில் ரப்பர் குழாய்கள். ஒரு சின்ன மோட்டார் அந்தக் குழாய்கள் வழியாகத் தண்ணீருக்குள் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். ஓரிடத்தில் வண்டியை நிறுத்தினால் மற்ற டிரைவர்கள் முகம் கழுவப் போவார்கள். சித்தப்பா ஏணியில் ஏறி, தொட்டியின் மூடியைத் தூக்கி, குமிழி வருகிறதா என்று எட்டிப் பார்ப்பார். அதனால் பண்ணையில் எல்லோருக்கும் அவர் ‘குமிழி’தான். “கல்யாணமான புதுசுல நான் அசந்து தூங்கினாக்கூட மூச்சு வருதான்னு எட்டிப் பாப்பார்” என்று சித்தி சொல்லிச் சிரிப்பாள்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. பழைய லாரியில் காற்று மோட்டாருக்குத் தனி சுவிட்ச். ஒருநாள் பண்ணையில் யாருடனோ பேசிக்கொண்டே வண்டியை எடுத்தவர் அதைப் போட மறந்துவிட்டார். குளத்தங்கரையில் மூடியைத் திறந்தபோது தண்ணீரே தெரியவில்லையாம். மேலே முழுக்க வெள்ளை வயிறுகள். அதைப் பற்றி அவர் வீட்டில் பேசியதே இல்லை, சித்திதான் சொன்னாள். மறுநாளே சுவிட்சைக் கழற்றி எறிந்துவிட்டு, டாஷ்போர்டுக்குக் கீழே கைக்கு எட்டிய ஒரு வயரில் மோட்டாரை ஒட்டுப்போட்டுவிட்டார். வண்டிச் சாவியைத் திருப்பினால் காற்றும் ஓடும், மறப்பதற்கு வழியே இல்லை. பழைய லாரி கட்டை வண்டி மாதிரி, எதையும் தாங்கியது. கடைசி வரைக்கும் அப்படியே ஓடியது.

புது லாரி வந்த அன்று ஷோரூம் ஆள் சாவியைக் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். வயரிங்கில் வெளி ஆள் கை வைத்தால் வாரண்டி கிடையாது. சித்தி அதைப் பிடித்துக்கொண்டாள். வீடு வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள். சித்தப்பா தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை, நேரே தனக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியனின் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினார். டாஷ்போர்டைக் கழற்றிப் பார்த்த எலக்ட்ரீஷியனே தயங்கினாராம். உள்ளே எல்லாம் தலைமுடி மாதிரி மெல்லிய வயர்கள், எது எங்கே போகிறதென்று தெரியவில்லை என்றாராம். “சாவியத் திருப்பினா எதுல கரண்ட் வருதோ அதுல ஒட்டு. மத்தத நான் பாத்துக்கறேன்” என்றிருக்கிறார் சித்தப்பா.

கொஞ்ச நாள் எந்தத் தொந்தரவும் இல்லை. அன்று பண்ணையில் வழக்கத்தைவிடப் பெரிய லோடு. குஞ்சுகள் நெருக்கமாக இருந்ததால் சித்தப்பா இரண்டாவதாக ஒரு மோட்டாரையும் அதே வயரில் மாட்டினார். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் நானும் கூடவே கிளம்பியிருந்தேன். ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு மேட்டில் வண்டி ஏறிக்கொண்டிருந்தது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. கருகல் வாடை வந்தது. பிறகு எஞ்சின் பேச்சுமூச்சில்லாமல் அடங்கிவிட்டது. வண்டியை ஓரம் கட்டினோம். சாவியைத் திருப்பினால் மோட்டார்கள் மட்டும் ஓடின. எஞ்சின் முனகக்கூட இல்லை.

சித்தப்பா கம்பெனி சர்வீஸுக்குப் போன் செய்தார். எங்கே நிற்கிறோம் என்று கேட்டுக்கொண்ட அந்த ஆள், கடைசியில் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார். வண்டியில் வெளிவேலை ஏதாவது செய்திருக்கிறீர்களா? சித்தப்பா என்னைப் பார்த்தார். “நீங்க வாங்க, பாத்துக்கலாம்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

அடுத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

“அண்ணே, நம்ம ஒட்டுதான் கருகியிருக்கும். அவன் வர்றதுக்குள்ள புடுங்கிட்டு, டேப்பச் சுத்தி உள்ள தள்ளிடுங்க. கம்பெனி வயரே கருகிப்போச்சுன்னு அவன் தலையில கட்டிடலாம்.”

“மீனு?”

“மீனா, வண்டியான்னு நீங்கதான் முடிவு பண்ணணும்.”

பாட்டரியிலிருந்து நேராக மோட்டாருக்குக் கொடுக்கலாம் என்றால், அவ்வளவு நீள வயர் எங்களிடம் இல்லை. இந்த வண்டியை நம்பித்தான் பழைய லாரியை விற்றிருந்தார். புது வண்டியில் எஞ்சினை ஓட்டுவதே ஒரு கம்ப்யூட்டர் பெட்டிதான். அது கருகியிருந்தால், வாரண்டி இல்லாமல் அதை மாற்ற எங்கள் வீட்டால் முடியாது. லாரி ஓடாவிட்டால் அடுத்த லோடு வேறு ஒருவருக்குப் போய்விடும். இதெல்லாம் எனக்கும் தெரியும். ‘புடுங்கிடவா, வேணாமா?’ என்று அவர் கேட்டது அப்போதுதான்.

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. பிடுங்கிவிட்டார்.

மோட்டார் சத்தம் நின்றதும் அந்த இடம் எவ்வளவு அமைதியானது என்று அப்போதுதான் தெரிந்தது. நான் வாளியோடு ஏணியில் ஏறினேன். தண்ணீரை மொண்டு, கையை உயர்த்தி, மேலேயிருந்து தொட்டிக்குள் திரும்ப ஊற்ற வேண்டும். விழுகிற தண்ணீரோடு கொஞ்சம் காற்றும் உள்ளே போகும். சித்தப்பா கீழே டேப் சுற்றிக்கொண்டிருந்தார். நான் மொண்டு மொண்டு ஊற்றினேன். தோள் இற்றுப்போனது. தொட்டி பெரிது, என் வாளி சின்னது.

முதலில் ஒன்றிரண்டு குஞ்சுகள் மேலே வந்தன. பிறகு கூட்டமாக வந்தன. அரிசிமணி அளவு வாய்களைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி, திறந்து திறந்து மூடின. மழைத் தூறல் விழுவது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அது அவற்றின் வாய்ச் சத்தம்.

“சித்தப்பா, மேல வந்துடுச்சு” என்றேன்.

அவர் ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தார். ஒரு குஞ்சு பக்கவாட்டில் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்தது. அவர் முகம் செத்துப்போனது. விறுவிறுவென்று இறங்கினார். அதே நேரம் மேட்டின் மேலே கம்பெனி வேன் திரும்பியது. அதன் வெள்ளை நிறமும் பக்கத்தில் எழுதியிருந்த எழுத்தும் எனக்கு நன்றாகத் தெரிந்தன. அவருக்கும் தெரிந்திருக்கும்.

சர்வீஸ்காரர் இறங்கி வந்து கதவைத் திறந்தபோது, சித்தப்பா பல்லால் டேப்பைக் கடித்துக் கிழித்துவிட்டு வெறும் வயர்களை முறுக்கிக்கொண்டிருந்தார். முதல் மோட்டார் உறுமியது. தொட்டிக்குள் குமிழிகள் கிளம்பின.

சர்வீஸ்காரர் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருப்பார். குனிந்து அந்த வயர்களைப் பார்த்தார்.

“என்னண்ணே இது?”

“நான்தான் போட்டேன், தம்பி. மறைக்கத்தான் புடுங்கினேன். முடியல.” சித்தப்பா எழுந்து உட்கார்ந்தார். “நீ எழுதறத எழுதிக்கோ. மொதல்ல அதுங்களுக்கு ஒரு வழி பண்ணு.”

சர்வீஸ்காரர் ஏணியில் ஏறித் தொட்டியைப் பார்த்தார். பிறகு வேனிலிருந்து நீளமான தடித்த வயரை எடுத்து வந்து, பாட்டரியிலிருந்து நேராக, நடுவில் ஒரு ஃபியூஸ் வைத்து, இரண்டு மோட்டார்களுக்கும் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் கருகிய ஒட்டைப் படம் எடுத்தார். நாங்கள் ஒட்டுப்போட்டிருந்தது எஞ்சின் கம்ப்யூட்டருக்குப் போகும் வயராம். ஒரு மோட்டாரைத் தாங்கிக்கொண்டிருந்தது இரண்டாவதைத் தாங்கவில்லை. அந்த இடத்தை வெட்டி, வேறு வயர் இணைத்தார். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஓடியது. சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

“இந்த மோட்டார் சாவியோட சேந்து ஓடாதா?” என்று கேட்டார். அவ்வளவுக்குப் பிறகும் அவருக்கு அதுதான் கவலை.

“அதுக்கு ரிலேன்னு, தானா போடுற சுவிட்ச் மாதிரி ஒண்ணு இருக்குண்ணே. சாவியத் திருப்பினா ஓடும், எஞ்சின் வயரத் தொடவே வேணாம். வண்டி எடுக்கறப்ப கேட்டிருந்தா நாங்களே போட்டுக் குடுத்திருப்போம். வாரண்டியும் போகாது.”

சித்தப்பா எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். “யாருப்பா கேக்கச் சொன்னா? தொடாதேன்னு மட்டுந்தான் சொன்னாங்க” என்றார்.

குளத்தில் இறக்கியபோது கொஞ்சம் செத்திருந்தன. பெரும்பாலானவை நீந்திப் போயின. பிறகு சர்வீஸ் சென்டருக்குக் கூப்பிட்டுச் சொன்னார்கள். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் வாரண்டி தொடரும். வயரிங்குக்கும் கம்ப்யூட்டர் பெட்டிக்கும் இனி கிடையாது. சித்தி கத்துவாள் என்று நினைத்தேன். “மீன் பொழைச்சுதில்ல?” என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். சித்தப்பாவுக்கு அது திட்டைவிட அதிகமாக வலித்திருக்கும்.

இப்போது ரிலே போட்டிருக்கிறது. காற்றும் சாவியோடு ஓடுகிறது. ஆனால் டாஷ்போர்டில் ஏதாவது விளக்கு மின்னினால் சித்தப்பா ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறார். அது அணையும்வரை நானும் அவரும் பேசுவதில்லை. அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி என்றைக்காவது நின்றுபோனால் என்ன செய்வோம் என்று எனக்குத் தெரியவில்லை.

உங்களுக்குத் தெரிந்து யாராவது புது லாரி எடுக்கப் போகிறார்கள் என்றால் இந்தக் கதையை அவர்களிடம் சொல்லுங்கள். பால், கோழி, ஐஸ், மீன், எதை ஏற்றப் போகிறார்களோ அதை ஷோரூமிலேயே வாய்விட்டுச் சொல்லி, அதற்குக் கரண்ட் எங்கிருந்து எடுப்பது என்று கேட்டுவிட்டுச் சாவியை வாங்கச் சொல்லுங்கள். ஷோரூமில் வேலை பார்ப்பவர் யாரையாவது தெரிந்தால் அவரிடமும் சொல்லுங்கள். அவர் பங்குக்கு அவரும் கேட்கட்டும்.